வரப்பில் உட்கார்ந்த வேப்ப நிழல்

நிழலைத் தேடி மனுசர் போவதுதான் உலக வழக்கம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று கிடக்கிற பரமன்விளை உப்பளத்துக்கு, ஒரு சித்திரை மாதம் பதினோராம் தேதி காலை பத்தரை மணி வாக்கில், ஒரு நிழல் மனுசரைத் தேடிக் காலாற நடந்து வந்தது. மேலே மேகம் கிடையாது, பறவை கிடையாது, மரமென்று சொல்ல ஒரு குச்சி கிடையாது. நாலு பாய் விரிக்கிற அகலத்துக்கு, இலையும் கிளையுமாக, நடுநடுவே வெயில் பொட்டுகள் ஆடிக்கொண்டிருக்க, அச்சு அசலான வேப்ப மர நிழல். லாரி வருகிற மண்ரோட்டில் வந்து, வாய்க்காலைத் தாண்டி, நாலாம் நம்பர் பாத்தியின் மேல் ஏறி, சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

அளத்தில் வேலை பார்த்த நாற்பத்தொரு பேரும் ஓடிப்போய் அதன் கீழே உட்கார்ந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? விரட்டினார்கள் ஐயா, அடித்து விரட்டப் பார்த்தார்கள். சிரிக்காதீர்கள். உப்பளத்துக்காரருக்கு வெயில்தான் சோறு. வானம் மப்புப் போட்டால் உப்பு விளையாது, உப்பு விளையாவிட்டால் கங்காணி நாளைக்கு வர வேண்டாம் என்பார், வர வேண்டாம் என்றால் வீட்டில் அடுப்பு எரியாது, ஆகவே தலைக்கு மேல் எது கறுத்தாலும் அவர்களுக்கு அது பகைதான். அதிலும் கொஞ்ச வருசமாக வானத்துக்குப் புத்தி பேதலித்துப் போயிருந்தது. மாசி பிறக்கும் முன்னே வைகாசி வெயில் அடிக்கும், பங்குனியில் ஆளைச் சுருட்டிப் போடும், யாரும் கூப்பிடாத மாதத்தில் மழை வந்து, அம்பாரமாகக் குவித்த உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். வெயிலும் கூடுதல், வேலை நாளும் குறைச்சல் என்று இரண்டு பக்கமும் அடி வாங்கிய சனம் அது. "மேகம் கீழ எறங்கிட்டுடோய்!" என்று கங்காணி தவசிமுத்து கத்தியதும் ஆண்கள் உப்பு வாருகிற பலகையை ஓங்கினார்கள், பெண்கள் உப்பை அள்ளி எறிந்தார்கள். நிழல் அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு அப்படியே கிடந்தது.

முதல் பிடி உப்பை எறிந்தது சந்தனமாரி. கீழத்தெருக்காரி, முப்பத்தொரு வயது, டவுனில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற கொம்பையாவின் பெண்டாட்டி, உப்புச் சுமக்க வந்து பன்னிரண்டு வருசம். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். இதற்கு முன்னே இரண்டு தடவை தரித்து, இரண்டும் அக்னி நட்சத்திரத்தில், இரண்டும் ஐந்தாம் மாதத்தில், ஒரு அசைவுகூடக் காட்டும் முன்னே போய்விட்டன. "இந்த வெயிலு ஒனக்கு ஆகாதும்மா, பிள்ள வேணும்னா வீட்ல இரு" என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லியிருந்தாள். நல்ல மனசோடு சொன்ன சொல்தான், ஆனால் வீட்டில் இருந்தால் சோறு தேடி வீட்டுக்கு வருமா? பிள்ளை வேண்டும், வேறெதையும்விட வேண்டும். பிள்ளையைச் சுமக்கிற அதே உடம்புதான் உப்பையும் சுமக்க வேண்டியிருந்தது, வேறு உடம்பு அவளிடம் இல்லை.

எறிந்த உப்பு வீணாகிறதே என்று அள்ளப் போனவள் நிழலுக்குள் காலை வைத்துவிட்டாள். குளிர்ந்தது. உள்ளங்காலில் ஏறிய குளிர்ச்சி முழங்காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்து, எங்கிருந்தோ வேப்பம்பூ வாசம் மூக்கில் ஏற, அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மீன்குஞ்சு புரள்கிற மாதிரி புரண்டது. சந்தனமாரி அசையாமல் நின்றாள். திரும்பவும் புரண்டது. கையிலிருந்த உப்பைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி நின்று, "அடிக்காதீங்க, இது மேகம் இல்ல, மரம்" என்றாள்.

"ஏளா, மரம் எங்க இருக்கு?" என்று கேட்டாள் மேலத்தெரு ஜெபக்கனி. பெண்களுக்குள் மூத்த வேலைக்காரி, வாய்க்காரியும் அவள்தான்.

"மரம் வரலக்கா. நிழலு மட்டும் வந்துருக்கு."

அவள் சொன்ன சொல்லில் இருந்த நிச்சயத்தைப் பார்த்து, அப்படியா, சரி, என்று எல்லாரும் பலகையைத் தாழ்த்திவிட்டார்கள். தவசிமுத்துவுக்கு மட்டும் நாலாம் நம்பர் பாத்தி கவலை. சந்தனமாரி, பயிரில் இறங்கிய ஆட்டிடம் பேசுகிற குரலில், "பாத்தியில படுக்காத தாயி, உப்பு விளையாது. வரப்புல போய் உக்காரு" என்றாள். நிழல் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து எழுந்து, வரப்பில் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு நாலாம் நம்பரில் உப்பு ஒரு குறையுமில்லாமல் விளைந்தது.

ஒரு வாரத்தில் அது அளத்து ஆளாகவே ஆகிவிட்டது. பத்துப் பேர், கால் மணி நேரம், அப்புறம் அடுத்த பத்துப் பேர் என்று தவசிமுத்து முறை வைத்தார். நிழலின் கிளைகளில் அணிலின் நிழல் ஓடியது, காக்கையின் நிழல் வந்து உட்கார்ந்து எழுந்து போனது, ஒரு ஓரமாக ஊஞ்சலின் நிழல் ஒன்று தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஊஞ்சல் நிழலில் உட்கார்ந்து பார்த்த ஒருவனுக்குத் தலைசுற்றிக் கஞ்சியெல்லாம் வெளியே வந்துவிட, அதற்குப் பிறகு யாரும் அதில் உட்காரவில்லை. மஞ்சள் துணி கட்டுவோம் என்றது ஒரு கூட்டம், ஜெபம் பண்ணுவோம் என்றது இன்னொரு கூட்டம், இரண்டையும் செய்துவிட்டால் போகிறது என்று முடிவாயிற்று. துணியைக் கட்டக் கிளை இல்லாததால் வரப்பில் வைத்துக் கல்லைத் தூக்கி வைத்தார்கள்.

இப்படி நல்லவிதமாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுக்க மனுசனால் முடியாதா என்ன? அளத்தில் தண்ணீர்க் குடம் ஒன்றுதான், ஆனால் குடிக்கிற விதம் இரண்டு. மேலத்தெருக்காரர் செம்பை வாயில் வைத்துக் குடிப்பார்கள். கீழத்தெருக்காரருக்கு மேலிருந்து ஊற்ற, அவர்கள் கை குவித்துக் குடிக்க வேண்டும். குடத்துக்கு ஒரு முறை இருக்கும்போது நிழலுக்கு வேண்டாமா என்று ஜெபக்கனிக்குத் தோன்றிவிட்டது. ஒரு கை உப்பை அள்ளி, நிழலின் குறுக்கே கோலம் இழுக்கிற லாவகத்தோடு ஒரு கோடு போட்டு, "இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் நீங்க" என்றாள். கீழத்தெருக்காரர் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள், பழகின விசயம்தானே. ஆனால் அந்தக் கோட்டின் மேல், ஓலைக்கூரை பிளந்த மாதிரி, ஒரு முழ அகலத்துக்கு வெயில் இறங்கிவிட்டது.

அதைக் கண்டாவது நிறுத்தினார்களா? மறுநாள் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது, வெயில் இறங்கியது. அடுத்த நாள் பழைய ஆள், தினக்கூலி ஆள் என்று ஒரு கோடு. அதற்கும் அடுத்த நாள் உப்பு வாருகிறவர்கள் சுமக்கிறவர்களோடு எப்படி உட்காருவது என்று இன்னொன்று. நாலாம் நாள் மத்தியானம் மிச்சமிருந்த நிழல் ஒரு காக்கைக்குக்கூடக் காணாது. ஜெபக்கனி தனக்கு உரிமைப்பட்ட துண்டில் குந்தியிருந்தாள், இடது காது மட்டும் நிழலில் இருந்தது. எதிரே சந்தனமாரி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வயிற்றின் மேல் இரண்டு கையையும் விரித்து, வெயில் அதில் படாமல் மறைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கை எவ்வளவை மறைக்கும்? ஜெபக்கனி அதைப் பார்த்தாள். அவளும் நாலு பெற்றவள், அதில் ஒன்றைப் பறிகொடுத்தவள். "நாசமாப் போற கோடு!" என்று எழுந்து, தான் போட்ட முதல் கோட்டைத் தானே காலால் எற்றி அழித்தாள், பிறகு மற்றவர்களும் அவரவர் கோட்டை அழித்தார்கள், நிழல் பழையபடி நாலு பாய் அகலத்துக்கு விரிந்தது.

இருபதாம் நாள் முதலாளியின் கார் வந்தது. ஆறுமுகநயினார் கெட்ட மனுசர் என்று சொல்லிவிட முடியாது. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், யார் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான். டவுனில் அவருடைய பங்களா வாசலில் அவர் அப்பா காலத்து வேப்பமரம் ஒன்று நின்றது. அதன் நிழல் காணாமல் போய்ப் பதினெட்டு நாளாகியும் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அறைக்கு அறை ஏசி உள்ளே குளிரையும் வெளியே அனலையும் ஊதிக்கொண்டிருக்க, அந்த வீட்டார் மரத்தடிக்கு வந்தே வருசக்கணக்காகிறது. கண்டு சொன்னது வாசலில் நின்ற வாச்மேன்; அளத்துக்கு ஒரு வேப்ப நிழல் வந்திருக்கிற சேதியும் அதற்குள் லாரிக்காரர் வாய்வழியே டவுனுக்குப் போயிருந்தது. கேட்டை விட்டு அசையக் கூடாது, மரத்தடியில் நாற்காலி போடக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. அந்த மனுசன் வெயிலில் நின்றபடியே, ஆள் உட்காராத அந்த நிழலை ஆறு வருசமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்த பார்வையில்தான் அதற்குக் கால் முளைத்ததோ என்னவோ, நமக்கென்ன தெரியும்.

முதலாளி குடையோடு இறங்கி, ஊஞ்சலின் நிழலைக் கண்டதும் நின்றுவிட்டார். "இதுல உக்காத்தி வச்சுத்தான் எங்கம்மா எனக்குச் சோறு ஊட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போது அவர் முகம் சின்னப்பிள்ளை முகமாக இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள், பார்த்து இரக்கப்படவும் செய்தார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் வீட்டு நிழலு. எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்" என்றார். கூப்பிட்டார், வரவில்லை. டிரைவரும் தவசிமுத்துவும் இரண்டு முனையில் நின்று பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிப் பார்த்தார்கள், கையில் மண்தான் வந்தது.

"அது சந்தனமாரி சொன்னாத்தான் கேக்கும், முதலாளி" என்று தவசிமுத்து உளறிவிட்டார்.

முதலாளி அவளைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். "ஏம்மா, நீ அதக் கூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு. அடுப்படியில வேலை, வெயிலே கிடையாது. பிள்ளையைப் பெத்து, அது நடக்கிற வரைக்கும் அங்கேயே இரு. உன் சம்பளத்துக்கு நான் பொறுப்பு" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார்.

 இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே சந்தனமாரி கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டாள்? போனால் பிள்ளை தங்கும். ஆனால் நிழலும் போகும். அவள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள்.

முதலில் வாயைத் திறந்தது ஜெபக்கனி. "என்னத்தளா யோசிக்க? போ. நாங்க வெயிலுக்குப் பெறந்த கட்டைங்க, எங்களுக்கு என்ன கொள்ளையா வந்துறப் போவுது? பிள்ளையப் பெத்து எடுத்துக்கிட்டு வா." மற்றவர்களும் போ, போ என்றார்கள். ஒருத்தி அவள் தூக்குவாளியை எடுத்துக் கையில் கொடுத்தாள், இன்னொருத்தி தலையைத் தடவி நெட்டி முறித்தாள்.

நடந்தாள். நிழல் எழுந்து பின்னாலேயே வந்தது. டிரைவர் கார்க் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து சில்லென்று காற்று வந்து அவள் காலில் பட்டது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். நாற்பது பேரும் வெட்டவெளியில் நின்றிருந்தார்கள். நெற்றிக்கு மேல் கை வைத்து வெயிலை மறைத்தால் அவள் மனசு சங்கடப்படுமே என்று, ஒருவர்கூடக் கையைத் தூக்காமல் நின்றிருந்தார்கள். போன வருசம் இதே வெயிலில் சுருண்டு விழுந்து மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்த ஜெபக்கனி, எல்லாருக்கும் முன்னால் நின்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளி, ஒங்க வீட்ல இதுக்குக் கீழ யாரு உக்காருவா?" என்று கேட்டாள் சந்தனமாரி.

அவர் யோசித்தார். "யாரும் உக்கார மாட்டோம்."

"வாச்மேன் அண்ணனாவது?"

"அவன் கேட்டுல நிக்கணும்லா?"

"அப்போ வேண்டாம் முதலாளி. நான் கூப்பிட மாட்டேன்."

"கோட்டிக்காரி, உன் பிள்ளைக்காகத்தானே சொல்லுதேன்!"

சந்தனமாரி அழுதுவிட்டாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். "எம் பிள்ளைக்கு நிழலு வேணும் முதலாளி, வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ரெண்டு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ நான். ஆனா நாப்பது பேரு தலையில வெயில எடுத்து வச்சுட்டு இத மட்டும் குளுமையாப் பெத்தா, நாளைக்கு இது யாரு மூஞ்சியில முழிக்கும்? காத்தச் சூடாக்குனது நாங்க இல்ல. மழைய மாசம் மாத்தி விட்டதும் நாங்க இல்ல. ஆனா அடி எல்லாம் எங்க தலையிலதான் விழுது. வந்த நிழலையும் ஒருத்திக்குன்னு பிரிச்சு எடுத்துட்டுப் போகச் சொல்லாதீங்க." சொல்லிவிட்டுத் திரும்ப நடந்து வந்து வரப்பில் உட்கார்ந்தாள், நிழலும் வந்து உட்கார்ந்தது. முதலாளி குடையை மடக்கிக்கொண்டு கார் ஏறிப் போனார். ஜெபக்கனி, "அறிவு கெட்டவளே, அறிவு கெட்டவளே" என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, செம்பை அப்படியே அவள் கையில் கொடுத்தாள். சந்தனமாரி வாய் வைத்துக் குடித்தாள்.

அதற்குப் பிறகு அவளை உப்புச் சுமக்க யாரும் விடவில்லை. அவள் பங்குச் சுமையை நாற்பது பேரும் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ள, அவள் நிழலில் உட்கார்ந்து சாக்குத் தைத்தாள், தவசிமுத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, ஆடியிலும் காற்று வராமல் வெயிலே அடித்தது, ஆவணி பிறந்து ஆறாம் நாள் உச்சிப்பொழுதில் அவளுக்கு இடுப்பு வலி கண்டது. ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். மண்ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்ற வண்டி அடுப்பாகக் கொதித்தது. தொட்ட கையைத் தவசிமுத்து உதறினார். ஆஸ்பத்திரி முக்கால் மணி நேர ஓட்டம்.

அவளை ஏற்றினார்கள். வலியில் அவளுக்கு வாய் திறந்து பேச முடியவில்லை, அவள் பேசாததால் நிழல் வரப்பிலேயே கிடந்தது. "ஏ நிழலு, என்ன பாத்துக்கிட்டு கெடக்க? அவ கூடப் போ!" என்று ஜெபக்கனி அதட்டினாள். அது லேசாக அசைந்தது, போகவில்லை. அதன் கீழே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்களே, விட்டுவிட்டு எப்படிப் போகும்? ஜெபக்கனிக்கு விசயம் புரிந்துவிட்டது. "எந்திரிங்க எல்லாரும்!" என்றாள். எழுந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக நிழலை விட்டு இறங்கி, நாற்பது பேரும் கொதிக்கிற வெயிலில் பாத்தி ஓரமாகப் போய் நின்றார்கள். ஆளில்லாத நிழல் ஒரு கணம் தயங்கி, எழுந்து, ஓடி, புறப்பட்டுவிட்ட வண்டியின் கூரை மேல் தாவிப் படுத்துக்கொண்டு, வளைவில் மறைந்தது.

சாயங்காலம் அவள் புருசன் கொம்பையா போனில் கூப்பிட்டான். பொம்பிளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். அளமே கூக்குரல் போட்டது. தவசிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், உப்பு கண்ணில் விழுந்துவிட்டதாம்.

நிழல் மட்டும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு வெளியே, காலையிலிருந்து சீட்டுக்காகத் தார்த்தரையில் வரிசை நிற்கிற பிள்ளைத்தாய்ச்சிகள் அறுபது எழுபது பேர். அது அவர்கள் தலைக்கு மேலே விரிந்துகொண்டது. "வா தாயி, ஊருக்குப் போவோம்" என்று சந்தனமாரி சன்னல் வழியாகக் கூப்பிட்டாள், முதல் தடவையாக அது அவள் பேச்சைக் கேட்கவில்லை. வரிசையைப் பார்த்தாள், அப்புறம் அவளும் கூப்பிடவில்லை.

இங்கே அளத்தில் இரண்டு நாள் ரோட்டைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஜெபக்கனிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் தெளித்து உட்கார வைத்ததும் அவள் சொன்னாள்: "கால் உள்ள நிழலு போகத்தான் செய்யும், அதப் போயிக் குத்தம் சொல்ல முடியுமா? காலில்லாத ஒண்ண நாமளே நட்டுக்கிடுவோம்." மறுநாள் காலை பத்தரை மணிக்கு நாற்பது பேரும் வாருபலகையையும் உப்புச் சுமக்கிற பெட்டியையும் கீழே வைத்தார்கள். உடைமரக் கம்புகள் வந்தன, பனையோலை வந்தது, பழைய உப்புச் சாக்குகள் வந்தன. கீழத்தெருக் கை கம்பைப் பிடிக்க மேலத்தெருக் கை கயிற்றைக் கட்ட, நாற்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் உட்காருகிற நீளத்துக்கு, வரப்பின் மேல் ஒரு கொட்டகை நின்றது.

சேதி கேட்டு முதலாளி வந்தார். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்றார்.

ஜெபக்கனி எழுந்திருக்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "வெயில்ல நிக்காதீங்க முதலாளி, உள்ள வாங்க."

வெகுநேரம் வெளியே நின்றார். வியர்வை புருவத்தில் இறங்கியது.  கடைசியில் குனிந்து உள்ளே வந்து, ஜெபக்கனிக்கும் கீழத்தெரு ஆள் ஒருவனுக்கும் நடுவே உட்கார்ந்து, ஒரு பெருமூச்சு விட்டார். "அது எங்க இருக்கு?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் என்றார்கள். வெளியூரில் இருக்கிற சொந்தக்காரரைப் பற்றிக் கேட்டுக்கொண்ட மாதிரி தலையாட்டி, "நல்லா இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி எந்தப் பேச்சும் வரவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் சந்தனமாரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, கொட்டகையின் நடுக்கம்பில் சேலையைக் கட்டி, தொட்டிலில் போட்டாள். வேலையை விட்டுவிட்டு நாற்பது பேரும் சுற்றி நின்றார்கள். உப்பளத்துச் சனத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலுக்கு அவர்கள் கண் எப்போதும் இடுங்கியே இருக்கும், தூங்கும்போதுகூடப் புருவம் இறங்கியே இருக்கும்; அங்கே தாயோடு வந்து வரப்பில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் சிரிப்புக்கு முன்னே கற்றுக்கொண்டது கண்ணைச் சுருக்கத்தான். ஜெபக்கனி தொட்டில் துணியை விலக்கினாள். பிள்ளை விழித்திருந்தது. ஓலையைப் பார்த்தது, கம்பைப் பார்த்தது, வெளியே மலைமலையாகக் குவிந்திருந்த உப்பைப் பார்த்தது.

"ஏளா சந்தனம், இங்க பாரு" என்றாள் ஜெபக்கனி, குரல் உடைந்துபோய். "கண்ணச் சுருக்கவே மாட்டேங்குது."